படாத அடி

சினிமாச் சண்டையில் அடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அடிக்காமல் நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. இன்பராஜ் அந்தக் குறைவானவர்களில் ஒருவன். முழு வேகத்தில் வரும் அவனுடைய குத்து, எதிரில் நிற்பவரின் கன்னத்துக்கு ஒரு நூலிடை முன்னால் நின்றுவிடும். கேமராவில் பார்த்தால் தாடை உடைந்த மாதிரி இருக்கும். அடி வாங்கியவர் எழுந்து டீ குடிக்கப் போவார்.

அவன் மனைவி பிலோமினாவுக்கும் அதே தொழில்தான். கதாநாயகிகளுக்கு டூப் போடுபவள். ராயபுரத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் அம்மாவை அடிப்பார். பள்ளியில் ஜூடோ சொல்லித்தருகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் பிலோமினா. அங்கிருந்துதான் சினிமாவுக்கு வந்தாள். முதல் படத்தில் அவளுக்கு எதிரே நிறுத்தப்பட்டவன் இன்பராஜ். குத்து வந்தது, நின்றது, காற்று மட்டும் கன்னத்தில் பட்டது. அவள் சிரித்துவிட்டாள். அந்த டேக் வீணாய்ப் போயிற்று.

"ஒரு ஆம்பளக் கை என் மூஞ்சிக்கு நேரா வந்து அப்டியே நின்னது அன்னிக்குத்தான் மொத தடவ," என்று தோழிகளிடம் சொல்வாள். "அதுக்கோசரம்தான் அவனக் கட்டிக்கினேன்."

பிறகு கணினிகள் சண்டை போடக் கற்றுக்கொண்டன. நடிகர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மட்டும் கொடுத்தால் போதும், பாய்வதும் புரள்வதும் பத்து மாடியிலிருந்து குதிப்பதும் திரையில் தானாகவே வந்துவிடும். வடபழனியில் காலை நேரத்தில் பையும் கையுமாய் நிற்கும் ஃபைட்டர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கயிற்றில் தொங்குவதில் பேர்போன ஏகாம்பரம் மாஸ்டர், ஓஎம்ஆர் சாலைக் கட்டடங்களில் தொங்கிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். இன்பராஜும் பிலோமினாவும் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பு இளைக்க வந்தவர்களுக்குக் குத்துச்சண்டை மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார்கள்.

அந்த நேரத்தில்தான் பட்டை வந்தது.

பிடரியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை. அதை ஒட்டிக்கொண்டு பார்த்தால், திரையில் இருப்பவரின் உடம்பில் நடப்பது பார்ப்பவரின் உடம்பிலும் லேசாக நடக்கும். மழையில் நனைந்தால் சிலிர்க்கும். ஓடினால் மூச்சு வாங்கும். இதைக் கணினியால் இட்டுக்கட்ட முடியவில்லை. இட்டுக்கட்டியதை ஒட்டிக்கொண்டவர்கள் தலை சுற்றுகிறது என்று பிய்த்தெறிந்தார்கள். நிஜமான உடம்பு ஒன்று அதை அனுபவித்தே ஆக வேண்டியிருந்தது. ஆகவே பூந்தமல்லியைத் தாண்டி இருந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து அவர்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. தொடரின் பெயர் 'இரும்புத்தெரு'. முகமூடி போட்ட ஒரு பெண்ணும் அவளைத் துரத்தும் போலீஸ்காரனும் வாராவாரம் மோதிக்கொள்ளும் கதை. முகங்கள் வேறு யாரோ இரண்டு நட்சத்திரங்களுடையவை. உடம்புகள் இவர்களுடையவை.

இயக்குநர் சந்திரமௌலி நல்ல மனிதர். செட்டில் குரல் உயர்த்த மாட்டார். முதல் நாள் சண்டையைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். கதவை உடைத்துக்கொண்டு இன்பராஜ் வந்தான், குத்தினான், பிலோமினா மேசை மேல் பறந்து விழுந்தாள். இருவரும் தங்கள் வாழ்நாளில் செய்த சிறந்த சண்டைகளில் அதுவும் ஒன்று. பட்டை ஒட்டிக்கொண்டு பார்ப்பதற்காக அழைத்து வந்திருந்த கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தபோது ஒருவன் கொட்டாவி விட்டான்.

உணர்வுப் பதிவுக்குப் பொறுப்பான எஞ்சினியர் அபிரூபா, குழம்பிப்போய் இவர்களிடம் வந்தாள். சின்னப் பெண், எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"அக்கா, நானே ஒட்டிப் பார்த்தேன். அண்ணன் கை உங்க முகத்துக்கிட்ட வருது இல்ல? அப்போ உங்க உடம்பு என்ன பண்ணுது தெரியுமா? ரிலாக்ஸ் ஆகுது. ஒரு குழந்தையை மடியில போட்டுத் தட்டினா எப்படி இருக்கும், அந்த மாதிரி. எனக்கே தூக்கம் வந்துடுச்சு."

பிலோமினா கணவனைப் பார்த்தாள். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவர்களுக்குத் திருமணமான நாளிலிருந்து யாரும் அவர்களைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

"அழகா இருக்கு," என்றார் மௌலி. "ஆனா சண்டைல அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

வேறு ஃபைட்டர்களை எதிரே நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் நிஜமாகவே இரண்டு தட்டுத் தட்டினார்கள். பிலோமினாவுக்கு வலித்தது, கோபம் வந்தது, அவ்வளவுதான். அடி வாங்கியே பழகிய உடம்பு வலியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது. தொடர் நாலைந்து வாரம் ஓடி, நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்தது.

பிறகு ஒரு நாள் தரை ஈரமாக இருந்தது.

மழைக் காட்சி ஒன்றுக்குத் தெளித்த தண்ணீரை யாரோ சரியாகத் துடைக்கவில்லை. இன்பராஜ் குத்த வரும்போது அவனுடைய பின்னங்கால் ஒரு சாண் வழுக்கியது. நிற்க வேண்டிய கை நிற்காமல், பிலோமினாவின் இடது காதுக்குக் கீழே முழு வேகத்தில் இறங்கியது.

அவள் விழவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு அவன்தான் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"கால் வழுக்கிடுச்சு மினா. சத்தியமா கால் வழுக்கிடுச்சு."

"தெரியும் வுடு. எனக்குத் தெரியாதா? ஐஸ் வெச்சா சரியாப் பூடும்."

மேலே கண்ணாடி அறையில் அபிரூபா பட்டையைப் பிய்த்து மேசை மேல் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். மௌலி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தப் பட்டையை எடுத்துத் தன் பிடரியில் ஒட்டிக்கொண்டு, அந்தத் துண்டை மறுபடி ஓட்டச் சொன்னார்.

அந்த வாரத்துக்குப் பிறகு 'இரும்புத்தெரு'வை நிறுத்திவிடும் பேச்சே எழவில்லை. ஊரே அந்த ஒரு அடியைப் பற்றிப் பேசியது. மின்சார ரயிலில் பட்டை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் கழுத்தைச் சுண்டி இழுத்துக்கொண்டதைப் பிலோமினாவே பார்த்தாள்.

மௌலி இருவரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"நான் சுத்தி வளைச்சுப் பேச விரும்பல. அது வலி இல்ல. வலியை யார்கிட்ட வேணா எடுத்துக்கலாம். அது வேற. தன்னை அடிக்கவே மாட்டான்னு நூறு சதவீதம் நம்புற ஒருத்தன் அடிக்கும்போது வர்றது. அதுக்குப் பேர் என்னன்னு அபிரூபாவுக்கே தெரியல."

"அதுக்கு?" என்றான் இன்பராஜ்.

"அது திரும்ப வேணும். எப்போன்னு இவங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா உடம்பு தயாராயிடும். உங்க காதுல ஒரு இயர்பீஸ். எப்பவாவது ஒரு தடவை நான் 'விடு'ன்னு சொல்லுவேன். அப்போ நீங்க நிறுத்தக்கூடாது. மத்த நேரமெல்லாம் வழக்கம் போல."

"முடியாது சார்." இன்பராஜ் எழுந்துவிட்டான்.

பிலோமினா எழவில்லை. "உக்காரு," என்றாள்.

"இன்னா பேசற நீ?"

"மாடிலேர்ந்து விழுந்திருக்கேன். நெருப்புல பூந்து வந்திருக்கேன். தோள்ல ஆணி வெச்சிருக்காங்க. ஒரு அறைக்கா பயப்படுவேன்? நீதான அடிக்கப் போற. நீ அடிச்சா எனக்கு ஒண்ணியும் ஆவாதுப்பா." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்த ஜிம்முக்குத் திரும்பிப் போ சொல்றியா? நம்ம வேலைன்னு ஒண்ணு ஒலகத்துல மிச்சம் இருக்குதுன்னா இதாம்பா."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கே தெரியாத ஒன்று மட்டும் இருந்தது. மாடியும் நெருப்பும் அவளுடன் வீட்டுக்கு வந்ததில்லை.

முதல் தடவை 'விடு' என்ற சொல் வந்தபோது இன்பராஜ் பாதி வேகத்தில்தான் அடித்தான். அது மௌலிக்கே போதுமானதாக இருந்தது. இரண்டாம் தடவை பல வாரங்கள் கழித்து வந்தது. அதற்குள் அவள் மறந்திருந்தாள், அல்லது மறந்துவிட்டதாக நினைத்தாள். மூன்றாம் தடவை அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. ஒவ்வொரு தடவையும் அவன் காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுதான். ஒவ்வொரு தடவையும் அவள்தான் அவனைத் தேற்றினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்திருந்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. பேச்சுவாக்கில் அதை எடுத்துவிட அவன் கையை நீட்டினான்.

தட்டு சுவரில் போய் மோதியது. பிலோமினா நாற்காலியோடு பின்னால் சரிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் கிடந்தாள். குழம்பு சுவரில் வழிந்தது.

"மினா, சோறு… கன்னத்துல சோறு ஒட்டிக்கினு இருந்துச்சு."

"தெரியும்." அவள் கையை எடுக்கவில்லை. "தெரியும்பா. நீ கொஞ்சம் தள்ளிப் போ. செத்த நேரம். நான் எழுந்துக்கறேன்."

அன்றிலிருந்து அவன் வீட்டில் மெதுவாக நடமாடக் கற்றுக்கொண்டான். அலமாரியில் எதையாவது எடுக்க வேண்டுமென்றால், "உப்பு எடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு எடுத்தான். சமையலறைக்குள் அவள் இருந்தால் வாசலிலேயே நின்றான். படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தாள். ஆனால் அவன் படுக்கையைச் சுருட்டி எடுத்துப்போனபோது தன் தோள்கள் தாமாக இறங்குவதை உணர்ந்தாள். அந்தத் தோள்கள் மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

"நிறுத்திக்கலாம்," என்று அவன் பலமுறை சொன்னான். "இந்த சீசன் முடியட்டும்," என்று அவளும் பலமுறை சொன்னாள். இன்னொரு வேலை கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

இதற்கிடையில் தொடரில் இன்னொரு வசதி வந்தது. அதுவரை அடி வாங்குபவளின் உணர்வு மட்டுமே பட்டையில் கிடைத்தது. இப்போது அடிப்பவனின் உணர்வையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாங்கும் தடம், கொடுக்கும் தடம் என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களுக்குள் பெரும்பாலான ஆண்கள் கொடுக்கும் தடத்துக்கு மாறிவிட்டார்கள்.

அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரி சுகுணா. கணவன் முரளிதரன் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்கு பார்ப்பவன். வழியில் பார்த்தால் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்லும் ஆள். ஒரு காலை மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போன பிலோமினா, சுகுணா முந்தானையைக் காதைச் சுற்றி இழுத்துவிட்டிருப்பதைக் கவனித்தாள். காற்று அடித்தபோது முந்தானை விலகியது. இடது காதுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது.

பிலோமினா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். சொந்த முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

"யாருமா அடிச்சது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்கா."

"கதவு அங்க இடிக்காது. எனக்குத் தெரியும். உன் வூட்டுக்காரரா?"

சுகுணா கொஞ்ச நேரம் கிளிப்புகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டிருந்தாள். "முன்னெல்லாம் கத்துவாரு, அவ்ளோதான்கா. கைய நீட்டினதே இல்ல. இப்போ ரெண்டு மாசமா…"

"அவுரு பாக்சிங் கத்துக்கினாரா எங்கியாவது?"

"அவரா? பால் பாக்கெட்டைப் பிரிக்கவே கத்திரிக்கோல் கேப்பாரு."

"எப்டி அடிச்சாருன்னு காட்டு."

"என்னக்கா நீங்க…"

"காட்டுமா. வேணும்."

சுகுணா தயங்கித் தயங்கிக் காட்டினாள். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தது. பின்னங்கால் குதிகால் திரும்பியது. முழங்கை விலாவை விட்டு விலகாமல் கை கடைசி நேரத்தில் புரண்டு வந்தது. வீட்டுப் பெண்ணின் பழக்கமில்லாத கை. ஆனாலும் பிலோமினாவுக்கு அது யாருடைய அடி என்று தெரிந்தது. எண்ணூரில் மீனவர் பிள்ளைகளோடு மணலில் பழகிப் பழகி இன்பராஜ் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட அடி அது. உலகத்தில் வேறு யாரும் அப்படி அடிப்பதில்லை.

அன்று மதியமே அவள் அபிரூபாவைத் தேடிப் போனாள்.

"ஒரு அசைவைத் திரும்பத் திரும்ப உணர்ந்தா உடம்பு கத்துக்கும்கா," என்றாள் அபிரூபா. அவளுடைய முகம் வெளுத்திருந்தது. "சைக்கிள் ஓட்டக் கத்துக்கிற மாதிரி. எங்களுக்குத் தெரியும். அடுத்து விளையாட்டுப் பயிற்சிக்குக் கூட இதை விக்கலாம்னு பேசிட்டிருக்காங்க."

"அடிச்சிட்டு என் புருசன் அழுவுறாரே, அது வராதா அவுங்களுக்கு? அதையும் சேத்துத்தான உடம்பு கத்துக்கும்?"

அபிரூபா மேசை மேல் கிடந்த பட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"கேக்கறேன் இல்ல?"

"வந்துச்சுக்கா. ஆரம்பத்துல வந்துச்சு. கை பட்ட உடனே அண்ணனுக்கு வயித்துல ஒரு இறுக்கம் வரும். தொண்டை அடைக்கும். பார்க்கிறவங்க குமட்டுதுன்னு கம்ப்ளெயின்ட் பண்ணாங்க." அவள் குரல் இறங்கியது. "அதை எடுத்துட்டோம். வடிகட்டிதான் அனுப்புறோம். கை போய்ப் படுற வரைக்கும்தான் அவங்களுக்குத் தெரியும்."

பிலோமினா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தினி வூட்டுல மினா?" என்றான் கடைசியில்.

அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

மறுநாளே வேலையை விட்டுவிடலாம் என்றான். அவள் மறுத்துத் தலையசைத்தாள். "வுட்டா? பழசெல்லாம் ஓடிக்கினேதான இருக்கும். புதுசா கல்யாணமான ஒரு ஜோடியக் கூப்டு டெஸ்ட் எடுத்துக்கினு இருக்காங்க, தெரியுமா? அந்தப் பொண்ணு வில்லிவாக்கத்துல ஜிம்னாஸ்டிக் பண்ணிக்கினு இருந்த பொண்ணு. நம்ம போனா அதுங்க வரும்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். பொங்கலன்று காலையில் ஒரு சிறப்புச் சண்டை நேரலையாகப் போகப்போகிறது. நேரலை என்பதால் வடிகட்ட முடியாது, வெட்ட முடியாது. 'விடு' என்ற சொல் அன்று கட்டாயம் வரும். வரட்டும். அவன் நிறுத்திவிட வேண்டும்.

"அந்தப் பொண்ணு மொத நாள் சொல்லிச்சே, கொழந்தையத் தட்டற மாதிரின்னு. அது போவட்டும் எல்லார் வூட்டுக்கும். ஒரு ஆம்பள கை ஓங்கினு வந்து நின்னா எப்டி இருக்கும்னு அந்த முரளிதரனுக்கும் தெரியட்டும். அந்தம்மாவுக்கும் தெரியட்டும். ஒரே ஒரு தபா. அப்றம் வுட்டுட்டுப் போயிடலாம்."

இன்பராஜ் அவளைப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவனுடைய முகத்தில் ஏதோ தெளிந்தது. "நிறுத்தறேன்," என்றான். "ஒரு நூல் கூடத் தாண்டாது."

பொங்கலன்று செட்டில் கரும்பு கட்டியிருந்தார்கள். மௌலி எல்லோருக்கும் கைகொடுத்தார். பிலோமினா முகமூடியைப் போட்டுக்கொள்ளும் முன் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். எந்த இடத்தில் குத்து வரும், எந்த இடத்தில் நிற்கும் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். மறைக்க எதுவுமில்லை.

சண்டை நன்றாகப் போனது. பழைய நாட்களைப் போல இருந்தது. படிக்கட்டில் புரண்டார்கள், மேசையைச் சுற்றி வந்தார்கள். அவன் வீசிய கால்களுக்கு மேலே அவள் எகிறிக் குதித்தாள். பிறகு அவளை அவன் சுவரோரம் கொண்டுவந்தான். அவன் காதில் 'விடு' என்று கேட்டது. இடது தோள் தாழ்ந்தது. குதிகால் திரும்பியது.

நிறுத்துவான் என்று பிலோமினாவுக்குத் தெரியும். உள்ளுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்துவான், நிறுத்துவான். ஆனால் அந்தத் தோள் தாழ்ந்ததைப் பார்த்த உடம்பு அவள் சொன்னதைக் கேட்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் அம்மாவின் குரல் என்று ஒரு கணம் நினைத்தாள். சுவரோடு சரிந்து, சுருண்டு, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். முகமூடிக்குள் எச்சில் வழிந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

இன்பராஜின் கை, அவள் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு நூலிடை முன்னால் காற்றில் நின்றது. மிகச் சரியாக நின்றது. அந்தக் கையை அவன் கீழே இறக்கவில்லை. இறக்கினால் அதற்கும் அவள் பயப்படுவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கேமராக்கள் ஓடி முடியும்வரை அவன் அப்படியே நின்றான்.

மௌலி படியிறங்கி வந்தார். பட்டையைப் பிடரியிலிருந்து எடுத்திருந்தார். அவருடைய கண்களும் கலங்கியிருந்தன.

"தொடவே இல்லையே," என்றார், நம்ப முடியாதவராக. "தொடாமலே! இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் பெருசு. இனிமே அடிக்கவே வேண்டாம், இன்பராஜ். புரியுதா? யாரும் யாரையும் அடிக்க வேண்டிய அவசியமே இல்ல."

அவர் உண்மையாகவே நிம்மதியடைந்திருந்தார்.

அன்று ஸ்டுடியோவிலிருந்து போன இன்பராஜ் திரும்ப வரவில்லை. வந்திருந்தாலும் தேவைப்பட்டிருக்க மாட்டான். இப்போது யார் கை ஓங்கினாலும் பிலோமினாவின் உடம்பு அதையே செய்தது. புதிதாக வந்த பையன்கள் அவளிடமிருந்து நாலடி தள்ளி நின்று கையை வீசினார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் சுருண்டு விழுந்தாள். சண்டைக் கலைஞர்கள் சங்கத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்து, ஒரு கீறல் கூட விழாமல் எடுக்கப்படும் முதல் சண்டைத் தொடர் என்று மௌலிக்கு மாலை போட்டார்கள். புது ஜோடியை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அதற்காகத்தான் தான் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகப் பிலோமினா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுகுணா வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது சொல்லாமல் போனாள். கணவனோடுதான் போனாள்.

இன்பராஜ் எண்ணூரில் தம்பி வீட்டில் இருந்தான். வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொண்டார்கள். போனில் பேசும்போது எல்லாம் நன்றாக இருந்தது. ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வார்கள், சில நாள் நெடுநேரம் சிரிப்பார்கள். ஒருமுறை அவன் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்த பிலோமினா, அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அவன் கொண்டுவந்த பழங்களை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான்.

பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னது அவன்தான். "என்னியப் பாத்து நீ பயந்துக்கினே இருந்தா, நான் இன்னா மினா?"

குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு முன்னால் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அறையில் மின்விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆலோசகர் வசுந்தரா ஐம்பதைத் தாண்டியவர். தலைமுடியைக் கழுத்தை மறைக்கும்படி தாழ்வாக முடிந்திருந்தார். பல தம்பதிகளைச் சேர்த்துவைத்தவர் என்று வெளியே சொன்னார்கள்.

"அடிப்பாராம்மா?" என்று கேட்டார் முதலில்.

"இல்ல மேடம்," என்றாள் பிலோமினா.

"ஆமாம் மேடம்," என்றான் இன்பராஜ்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார், வேறு பெண் சகவாசம் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. ஒருவர் மேல் ஒருவருக்குக் குறையே இல்லை என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்புறம் என்ன? இவ்ளோ பாசமா இருக்கீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு மாசம் சேர்ந்து இருந்து பாருங்க. என்ன வேலை பார்க்கிறீங்க ரெண்டு பேரும்?"

பிலோமினா தயங்கினாள். "சண்டைத் தொடர்ல மேடம். 'இரும்புத்தெரு'ன்னு ஒண்ணு வருது. அதுல அடி வாங்குறது நான்தான். இவுரு முன்ன அடிச்சிக்கினு இருந்தாரு."

வசுந்தராவின் கை தானாகப் பிடரிக்குப் போனது. தாழ்வாக முடிந்த கூந்தலுக்குக் கீழே விரல் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கி மேசைக்கு வந்தது. அவர் பிலோமினாவைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. தன் வீட்டு ஆள் யாரையோ தெருவில் பார்த்துவிட்டது போல.

"நீங்களா அது?"

"ஆமாம் மேடம்."

"நான் வாங்கும் தடம்தான் ஒட்டிப்பேன்." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலப் பேசினார். "எங்க ஆபீஸ்ல நாலஞ்சு பேர் அப்படித்தான். அடிக்காக இல்லம்மா. அடி எங்களுக்கு எதுக்கு, வீட்லயே இருக்கு. அது விழுறதுக்கு முன்னாடி ஒரு நொடி வரும் பாருங்க. கை கிட்ட வந்துடுச்சு, ஆனா இவன் என்னை அடிக்க மாட்டான்னு அப்படியே உடம்பு பூரா ஒரு நிம்மதி. எனக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அப்படி ஒண்ணு இருக்குன்னே உங்ககிட்டதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் வர்ற அடியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிப்பேன்."

இன்பராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"வரவரக் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, பொங்கலுக்கு அப்புறம் அது வரவே இல்லையேம்மா," என்றார் வசுந்தரா. "ஒவ்வொரு வாரமும் ஒட்டிப் பார்க்கிறேன். என்னாச்சு? திரும்ப வருமா?"

பிலோமினா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். இன்பராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"வராது மேடம்," என்றாள்.

வசுந்தரா அவர்களுடைய காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, சேர்ந்து வாழ வாய்ப்பில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.